அசனத்து வெங்காயம்

— சிரிக்காதீங்க! இன்னைக்கு வேலை போவப் போவுதுங்கிய, சிரிப்பு என்ன வேண்டிக் கெடக்கு?

— ஏட்டி ரீபா, மொதல்ல கதையக் கேளு. சனிக்கிழம நீ நாசரேத்துல உங்க அம்மை வீட்டுல இருந்த. பிஸ்கட் கம்பெனிக்குள்ள மூணு பேரு சேந்து நின்னா கேமராவுல பாத்து மெமோ குடுக்கான். சங்கம் ஆரம்பிக்கணும்னா எங்க கூடிப் பேசுதது?

— எங்க கூடுனிய?

— நம்ம கோயில் அசனத்துக்குக் காய் வெட்டுத பந்தல்ல! ஊருக்கே சோறு போட ஆள் கூடுனா யாரு என்ன கேக்கப் போறா? இஸ்ரவேல் அண்ணாச்சி கத்திரிக்காய அரிஞ்சுக்கிட்டே ஓவர்டைமப் பத்திப் பேசுதாவ. ஐயம்பெருமாளு முருங்கக்காயால எல்லாரையும் எண்ணுதாரு.

— ஐயம்பெருமாளா? அவரு நம்ம சபையே இல்லியே!

— அசனத்துக்கு வயிறுதான்ட்டி சபை.

— உங்களுக்கு எதுக்குங்க சங்கம்? நீங்க அசிஸ்டன்ட் மேனேஜர். தெருவே நம்மள மேனேஜர் வீடுன்னுதான் சொல்லுது.

— மேனேஜர்னு பேரக் குடுத்துட்டு ஓவர்டைமப் பிடுங்கிட்டானே! மெஷினு தொடைக்கவனும் இப்ப மேனேஜர்தான். நம்ம காரையும் வித்தாச்சு. வாசல்ல கார் கவருக்குள்ள என்ன நிக்குது? சொல்லு பாப்போம்.

— பைய பேசுங்க! பழைய கட்டிலும் ரெண்டு தண்ணி டிரம்மும். அச்சு அசலா காரு மாதிரியே மூடி வச்சிருக்கேன். எதுத்த வீட்டு ஃபிளோராகூட, 'ஏன் காரையே எடுக்க மாட்டேங்கிய'ன்னு கேட்டா. பெட்ரோல் விக்குத வெலையிலயான்னு சொல்லிட்டேன்.

— டிரம்முக்கு எதுக்குட்டி பெட்ரோல்!

— போங்க, எனக்கும் சிரிப்பு வந்துட்டு. சரி, பொறவு?

— பொறவு நம்ம எச்.ஆர். மேனேஜர் கிளமென்ட் சார் உளவு பாக்க வந்து நிக்காரு. வெள்ளச் சட்ட, கூலிங்கிளாஸ். பந்தலுக்குள்ள கால வச்சவர சும்மா நிக்க விடுவாவளா? சாரம்மாள் பெரியம்மை, 'வாங்க தம்பி'ன்னு அருவாமணையக் கையில குடுத்து, ஒரு மூட்ட வெங்காயத்த முன்னால தட்டிட்டாவ.

— மாட்டேன்னு சொல்லலியா?

— கோயில் சோலிய எவன் மாட்டேம்பான்? அவரும் உவரிக்காரரு, அந்தோனியார் கோயில் அசனத்தத் தின்னு வளந்த ஆளு. உக்காந்துட்டாரு. கண்ணுல தண்ணி தாரதாரயா ஊத்துது. கூலிங்கிளாஸத் தூக்கித் தூக்கித் தொடைக்காரு.

— எப்பா, வயிறு வலிக்கே!

— கேளு. கடைசியில அவரு செல்போன என் கையில குடுத்து, 'ரிச்சர்ட், எல்லார் முகமும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுங்க'ன்னாரு. ஹெட் ஆபீசுக்குக் காட்டிக் குடுக்கத்தான்.

— நீங்களே எடுத்தியளா? சொந்தக் காசுல சூனியம் வச்ச கதையால்லா இருக்கு!

— விருந்தாளிய ஓரத்துலயா வைக்க முடியும்? மரியாதையா அவரையே நடுவுல உக்கார வச்சு எடுத்துக் குடுத்தேன்.

— அப்ப இன்னைக்கு டிஸ்மிஸ் ஆர்டர்தான். நம்ம மவ ஜாய்சி படிப்பு பாதியில நிக்குதேங்க. எனக்குப் பயமா இருக்கு. சிரிச்சுக்கிட்டே பயமா இருக்கு.

— எனக்கும்தான்ட்டி. அதனாலதான் நிறுத்தாம சிரிக்கேன்.

— ஏங்க! வாசல்ல என்ன சத்தம்?

— ஐயோ, காருக்குள்ள யாரோ விழுந்து கெடக்காவ! ஏட்டி, கவரத் தூக்கு… கிளமென்ட் சார்! நீங்களா?

— என்ன வே ரிச்சர்ட் இது? கதவத் தட்டுததுக்கு முன்னால ஒரு நிமிசம் கார்ல சாஞ்சேன். காரு உள்ள வாங்கிட்டு.

— சார், உங்களுக்குப் புண்ணியமா போவும், பைய பேசுங்க. ஃபிளோரா பாத்துக்கிட்டு நிக்கா. என் வீட்டுக்காரருக்கு ஆர்டர்தான கொண்டு வந்திருக்கிய? குடுத்துட்டுப் போயிருங்க.

— ரீபாம்மா, அவருக்கு ஆர்டர் போடணும்னா நான் வேலையில இருக்கணும்லா? என்னையத் தூக்கிட்டான்.

— உங்களையா? எதுக்கு சார்?

— போட்டோவ அனுப்புனேன்லா. பம்பாய் ஹெட் ஆபீசுல இருக்கவனுக்கு அசனம் தெரியுமா, வெங்காயம் தெரியுமா? சுத்திலும் தொழிலாளி, நடுவுல நான், கண்ணு நெறைய கண்ணீரு. இவன்தான் சங்கத் தலைவன்னு முடிவே பண்ணிட்டான். காலையில ஒரே மெயிலு, சோலி முடிஞ்சுட்டு.

— ஐயோ சார்… சிரிக்கக் கூடாது, இருந்தாலும்…

— சிரியுங்கம்மா. எத்தனயோ பேருக்கு ஆர்டர் நீட்டுன கை. இன்னைக்கு எனக்கு வந்ததும் மொதல்ல சிரிப்புதான் வந்துது. ஆமா, இந்தக் கட்டிலு யோசன நல்லாருக்கே. எங்க வீட்டுல வெறும் டிரம்மத்தான் மூடி வச்சிருக்கோம். காத்தடிச்சா காரு உருண்டு தெருவுக்குப் போயிருது.

— சார், உங்க காரும் போயிட்டா?

— போன வருசமே போயாச்சு. அத விடும் வே ரிச்சர்ட். கம்பெனியே என்னையத் தலைவருன்னு சொல்லிட்டான், பெரியவங்க பேச்சத் தட்டக் கூடாது. சொல்லும், ஸ்டிரைக்க எப்ப ஆரம்பிக்கோம்?