கன்னக்குழி

— உடைக்க மாட்டேன், ஃபாங் அக்கா. வேற என்ன வேணும்னாலும் கேளுங்க.

— கெங் வாத்தியாரே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இருநூறு பிள்ளைங்க முகத்தை மண்ணுல செஞ்சு வச்சிருக்கீங்க. எம் பொண்ணு தாவ்தாவ் ஒருத்தி இல்லைன்னா உங்க கண்காட்சி குறைஞ்சா போயிடும்?

— ஒவ்வொரு அம்மாவும் இப்படியே சொன்னா நான் வெறும் பலகையைத்தான் அனுப்பணும். உக்காருங்க முதல்ல. வாசல்ல அந்தக் கறுப்புக் கார்ல இருக்கிற போலீஸ்காரனுங்க உங்களைப் பாத்துட்டானுங்களா?

— பாக்காமலா? போட்டோவே எடுத்தான். புகை போட்ட பன்னிக்கறி விக்க வந்தேன்னு சொன்னேன். ‘அந்த ஆளுக்கு எதுக்கு’ன்னு பாதியை வாங்கி வச்சுக்கிட்டான்.

— சரித்தான். பாஸ்போர்ட்டைப் பிடுங்கினான், இப்ப என் கறியையும் தின்னுறான். மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கெட்டான் போங்க!

— சிரிக்காதீங்க வாத்தியாரே. இதுக்காகவே ரயிலேறி செங்டுவுக்கு வந்திருக்கேன். பையன் போலீஸ் பயிற்சிப் பள்ளிப் பரிட்சை பாஸ் பண்ணிட்டான். இனி குடும்பப் பின்னணி விசாரணை ஒண்ணுதான் பாக்கி. தெருக் கமிட்டிக்காரர் வீட்டுக்கு வந்து செல்போனைக் காட்டுறார். ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில உங்க படம். உங்க தோளுக்குப் பின்னாடி நீங்க செஞ்ச தாவ்தாவ் முகம். ‘இது உங்க பொண்ணு மாதிரி இல்ல?’ங்கிறார். யாருன்னே தெரியலையேன்னுட்டேன்.

— தெரியலைன்னா சொன்னீங்க?

— பெத்த வாயாலேயே சொன்னேன்.

— பதினெட்டு வருஷம் முந்தி வந்த பூகம்பத்துல உங்க ஊர்க் கமிட்டி ஆபீஸ்ல ஒரு கண்ணாடி உடையல. பக்கத்துலயே பள்ளிக்கூடம் மாவாக் கொட்டி இந்த இருநூறு பிள்ளைங்களையும் மூடிச்சு. ஏன்னு கேட்டதுக்குத்தான் நான் ஜெயிலுக்குப் போனேன். பையனைக் கேட்டீங்களா? அவனோட அக்காவை அழிக்க அவனுக்குச் சம்மதமா?

— அவனுக்குத் தெரியாது.

— நீங்க இங்க வந்ததா?

— அக்கா ஒருத்தி இருந்ததே தெரியாது. பள்ளிக்கூடம் இடிஞ்சதைப் பத்தி வாயைத் திறக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டோம், ஒரு பிள்ளைதான்ங்கிற சட்டத்துல விலக்கு குடுத்து இன்னொரு பிள்ளை பெத்துக்கோன்னு அனுமதி குடுத்தாங்க. ஊரை மாத்திக்கிட்டோம். அவ போட்டோ எல்லாம் அரிசி டப்பாவுக்கு அடியில கிடக்கு. பையனுக்குப் பதினேழு வயசாகுது, தான் ஒத்தைப் பிள்ளைன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்.

— அப்போ வாசல்ல இருக்கறவனும் நீங்களும் ஒரே வேலையைத்தான் பாக்குறீங்க.

— ஆமா. அவன் சம்பளத்துக்குப் பாக்குறான், நான் பயத்துக்குப் பாக்குறேன். இன்னும் எதாவது குத்தணும்னா குத்திடுங்க.

— மன்னிச்சுக்கங்க அக்கா. இந்த வாய்தான் என்னை உள்ளே தள்ளுச்சு, இன்னும் அடங்கல. ஒண்ணு செய்வோம். உடைக்க வேணாம், அடையாளம் தெரியாம முகத்தை மாத்திடுவோம். மண்ணு இன்னும் பச்சையாத்தான் இருக்கு.

— நான் வந்து சொல்லச் சொல்ல நீங்க செஞ்சு மூணு வருஷம் ஆச்சே! இன்னுமா சுடல?

— எந்தச் சூளைக்காரன் சுடுவான்? எல்லாருக்கும் மேலேயிருந்து போன் போயிருச்சு. காலையில எந்திரிச்சா எனக்கு வேற வேலை கிடையாது, எல்லாப் பிள்ளைக்கும் ஈரத்துணி மாத்துறதுதான். ஒரு நாள் விட்டா வெடிச்சிரும். இன்னைக்குத்தான் ஒரு மனுஷன் சுட்டுத் தரத் துணிஞ்சு வண்டி அனுப்புறேன்னிருக்கார். சூளைக்குள்ள போயிட்டா அப்புறம் நானே நினைச்சாலும் கை வைக்க முடியாது. சொல்லுங்க, எங்கே ஆரம்பிக்க?

— நெத்தியில விழற முடியை எடுத்துடுங்க. அதை வச்சுத்தான் எல்லாரும் அவளை அடையாளம் சொல்வாங்க.

— பின்னாடி வாரி விட்டுட்டேன். அப்புறம்?

— கன்னம்... பன்னு மாதிரி உப்பிக்கிட்டு இருக்கும். ஒன்பது வயசுப் பிள்ளை தானே. வத்த வச்சிடுங்க.

— தாடையையும் கொஞ்சம் நீட்டிடறேன். இந்த இடது கன்னக்குழி?

— அது நான் வச்சது வாத்தியாரே. அன்னைக்கு உங்களுக்கு அது சரியா வரவே மாட்டேன்னுச்சு. தள்ளுங்கன்னு சொல்லி என் கட்டைவிரலால அமுக்கினேன்.

— மறக்குமா? இருக்கட்டுமா, அடைச்சிடவா?

— அடைச்சிடுங்க. கமிட்டிக்காரர் அதைத்தான் தொட்டுக் காட்டினார். இருங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். என்னால பாக்க முடியாது.

— ஆச்சு. இப்போ பாருங்க. இனி எந்தக் கமிட்டிக்காரன் வந்தாலும்... என்னக்கா? ஏன் இவ்வளவு கிட்டப் போய்ப் பாக்குறீங்க?

— இது யாருன்னு தெரியுதா உங்களுக்கு?

— யாரும் இல்ல. அதுக்குத்தானே மாத்தினோம்.

— இருந்திருந்தா இப்போ அவளுக்கு இருபத்தேழு. முடியைத் தூக்கி வாரிக்கிட்டு, கன்னம் ஒட்டிப்போய்... இப்படித்தானே இருந்திருப்பா? தாடையைப் பாருங்க, அப்படியே எம் பையனோடது. ரெண்டு பேரையும் பக்கத்துல நிறுத்தினா குருடன் கூடச் சொல்லிடுவான், கூடப் பொறந்ததுங்கன்னு.

— அடப்பாவமே. அப்போ மூக்கைக் கொஞ்சம் தட்டையாக்கி—

— தொடாதீங்க!

— அக்கா, வண்டி வந்திருச்சு, ஹார்ன் அடிக்கிறான். இந்த முகம் வெளியே போச்சுன்னா பையன் வேலை அவ்வளவுதான். நான் உங்களை ஏமாத்த மாட்டேன். ஏத்தவா, வேணாமா?

— கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லுங்க. கன்னக்குழியை நானே வச்சிடறேன். அப்புறம் என் செல்போன்ல ஒரு படம் எடுத்துக் குடுங்க, வாத்தியாரே. எம் பையனுக்கு அவனோட அக்காவைக் காட்டணும்.