ஜன்னலடிப் பாத்தி

நிழலும் வறட்சியும் சேர்ந்த பாத்தியில் ரோஜா வைக்கிறவர்களுக்குச் செடியைப் பற்றி ஒன்றும் தெரியாது, சார். காசு இருக்கிறது, அவ்வளவுதான்.

ஹரிஷங்கர் அப்படித்தான் வைத்தார். மட்டாஞ்சேரியில் அவர் வீட்டுப் பக்கவாட்டில், அவருடைய அம்மா நீலாம்பாள் படுத்த படுக்கையாகக் கிடந்த அறையின் ஜன்னலுக்குக் கீழே அந்தப் பாத்தி. மேலே மாமரம், கூடவே ஓட்டுச் சாய்ப்பு. மழையில் ஊரே மிதந்தாலும் அங்கே மண் நனையாது. நனைந்தாலும் மாமரத்து வேர் உறிஞ்சிவிடும். ரோஜா செத்தது. ஆந்தூரியம் செத்தது. பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். களமசேரியில் தாவரவியல் படித்தவள் நான். எங்கள் குடும்பத்தின் முதல் டிகிரி. என் அம்மா கற்பகம் அந்தத் தெருவைக் கூட்டுகிறவள் என்பதால் குறைந்த கூலிக்கு வருவேன் என்று நினைத்தார்கள். சரியாகத்தான் நினைத்தார்கள்.

மருள் வைத்தேன், ஸ்நேக் பிளான்ட் என்பார்களே, அது. ஸீஸீ செடி வைத்தேன். இலையிலும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் சாதி. வாரக்கணக்கில் மறந்துவிடலாம், முகம் சுளிக்காது. நம்பத் தகுந்த செடி என்றால் எதையும் கேட்காத செடி.

நீலாம்பாள் அப்படியில்லை. பாத்தி வேலை முடிந்ததும் அவரைத் துடைக்கிற வேலையையும் என்னிடமே தந்தார்கள். பீத்துணி அலச என் கை ஆகும். குடிக்கிற தண்ணீருக்கு ஆகாது. அதற்குத் தனியாக ஒரு பித்தளைக் கூஜா. மருமகள் ஸாதனா குளித்துவிட்டு வந்து நிறைத்து வைப்பார். ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். ஒருநாள் என் விரல் பட்டதற்கு முழுத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, "தப்பா நினைச்சுக்காதே மஞ்சுஷா, அம்மாவோட பழக்கம்" என்றார். நான் தப்பாக நினைக்கவில்லை. ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் பாலக்காட்டில் ஒரு கல்யாணம். இருவரும் கிளம்பினார்கள். கட்டிலோரம் பழமும் கூஜாவும் இருந்தன. "அம்மாவைப் பார்த்துக்கோ. கூஜாவை மட்டும் தொட வேண்டாம், கேட்டியா?" என்றார் ஹரிஷங்கர். கேட்டுக்கொண்டேன்.

அவர்கள் போன கொஞ்ச நேரத்தில் நீலாம்பாளின் முழங்கை பட்டுக் கூஜா கவிழ்ந்தது. தரையைத் துடைத்தேன். கூஜாவை நிமிர்த்தவில்லை.

மத்தியானம் "ஜலம்" என்றார். "அவங்க வந்துடுவாங்க மாமி" என்றேன்.

மறுநாள் உதடு வெடித்திருந்தது. "நீயே குடுடி. உன் கையாலயே குடு, கொழந்தே." அந்த வாயிலிருந்து எனக்கு வந்த முதல் கொழந்தே.

"உங்க ஆசாரம் கெட்டுப் போகும் மாமி."

"போகட்டும்டி."

இத்தனை வருஷம் கட்டிக் காத்த ஆசாரம் ஒரே நாள் வெயிலைத் தாங்கவில்லை. மருள் எவ்வளவோ மேல்.

சாயங்காலம் ஹரிஷங்கர் போன் செய்தார். "அம்மா என்ன பண்றா?"

"சத்தமே இல்லை சேட்டா. அமைதியா இருக்காங்க."

பொய் சொல்லவில்லை. இன்னும் ஒருநாள் தங்கட்டுமா என்றார். தங்குங்கள் என்றேன். அதற்குள் துணி மாற்றுகிற வேலைகூட இல்லாமல் போயிருந்தது. துணியை நனைக்க அவர் உடம்பில் எதுவும் மிச்சமில்லை.

கோபத்தில் செய்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை சார். சொன்னதைச் செய்தேன். அவர்கள் வீட்டு வழக்கத்தை அவர்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவள் நான்.

பக்கத்து வீட்டு அம்பிளிச் சேச்சி ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் சொன்னது உண்மைதான். அந்த இரண்டு நாளும் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். ஹோஸைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு நேராக நின்று, அவர் கண்ணில் படும்படி, நிதானமாக.

அந்தச் செடிகளுக்கு அது தேவையே இல்லை.