நாலு மாதப் பிள்ளைக்கு மாப்புக் கேட்டேன்

"தலையக் குனிங்க! எல்லாரும் குனிங்க!"

தோணிக்காரர் கத்துகிறார். எஞ்சின் இரண்டு தரம் இருமி நிற்கிறது. தூரத்தில் வெடிச் சத்தம். ஒன்று. பிறகு மூன்று சேர்ந்தாற்போல. யார் யாரைச் சுடுகிறார்கள் என்று தெரியாது. மழை. அஸர் தொழுகை நேரம், பின்னேரம். 1990, ஒக்டோபர் கடைசி. மன்னாரில் இருந்து கற்பிட்டிக்கு வருகிற கடல்.

பிள்ளைகளே, உங்கள் உம்மா பரீதாவின் மேல் கவிழ்ந்து கிடக்கிறா. பரீதா உங்கள் ராத்தா, மூத்த அக்கா. நாலு மாதம். காய்ச்சல் கொதிக்கிறது. போர்த்த ஒன்றும் இல்லை.

போர்வை இருந்தது. முஸ்லிம்கள் எல்லாரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று துவக்குக்காரர், இயக்கத்து ஆட்கள், அறிவித்தார்கள். கரையில் வைத்துப் போர்வை இருந்த பையையும் பறித்தார்கள். கெஞ்சினேன்.

"தம்பி, புள்ளைக்குக் காச்சல். அந்தப் போர்வைய மட்டும் தாங்க."

பையைப் பறித்தவன் என்னை விட இளையவன். "போ. திரும்பிப் பாக்காத" என்றான். தமிழில்தான் சொன்னான். நான் பேசுகிற அதே தமிழ்.

தோணியில் துஆக் கேட்க, பிரார்த்திக்க, கையை ஏந்தினேன். அநியாயம் செய்யப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் திரை இல்லை என்று ஓதித் தந்திருக்கிறார்கள். பிரயாணியின் துஆவும் ஏற்கப்படும். மழையில் கேட்கிற துஆவும். மூன்றும் என்னிடம் இருந்தன. போர்வையைப் பறித்தவன் கை அழுகட்டும் என்று கேட்கப் போனேன். உங்கள் உம்மா என் கையைப் பிடித்து இழுத்தா.

"அவன உடுங்க! புள்ளைக்காகக் கேளுங்க!"

பிள்ளைக்காகக் கேட்டேன். கரை தெரிகிற நேரம் அவள் மூச்சு நின்றது.

கற்பிட்டி ஆட்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து எங்களைத் தூக்கினார்கள். ஒரு வீட்டில் புதுச் சீலை கிழித்து, பிள்ளையைச் சுற்றி அடக்கக் கபன் தந்தார்கள். மறுநாள் காலையில் அடக்க மையவாடிக்குக் கொண்டுபோனோம்.

நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறதே. அடக்க முன் மையித்தின், இறந்தவரின், சொந்தக்காரர் எழும்பி அவருக்காக மாப்பு, மன்னிப்பு, கேட்பார். எனக்குப் புத்தி கலங்கி இருந்தது. எழும்பினேன். வாய் தன்பாட்டில் சொன்னது.

"என்ட மகளால யாருக்காவது மனம் நொந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மாப்புக் குடுங்க."

 பிறகு யாரோ விம்மினார்கள். கபுறுக் குழி வெட்டிய மீன்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து என் தோளைப் பிடித்தார்.

"அவ யாருக்கிட்டயும் மாப்புக் கேக்கத் தேவல்ல தம்பி. அவக்கிட்டத்தான் கேக்கணும்."

அந்தச் சொல்தான் இன்று வரை என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. வழக்கு என்னுடையது இல்லை. பரீதாவுடையது. மறுமை நாளில் அவள் கேட்கப் போகிற இடத்தில் சாட்சி தேட வேண்டாம். போர்வை பறிபோனதை அல்லாஹ் பார்த்தான். மழையைப் பெய்யச் செய்தவனும் அவன்தான். ஏன் யா அல்லாஹ் என்று தொழுகையில் நெற்றி நிலத்தில் பட, சுஜூதில், இன்றும் கேட்கிறேன். பதில் வரவில்லை. அல்லாஹ் அநியாயக்காரன் இல்லை. அதை மட்டும் விடவில்லை. கயிறு கையை அறுக்க அறுக்கப் பிடித்திருக்கிறேன். இப்போதும் கடலில் ஒரு எஞ்சின் இருமினால் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி விடுகிறேன். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

இதை ஏன் எழுதுகிறேன்? போன கிழமை மன்னாரில் இருந்து மீன் ஏற்ற லொறியில் வந்த தமிழ்ப் பொடியன் தண்ணீர் கேட்டான். மகன் றிஸ்வி, நீ கேற்றைச் சாத்தினாய்.

"அவங்கட ஆக்களுக்கு நம்மட கிணத்துத் தண்ணி என்னத்துக்கு வாப்பா?"

அந்தப் பொடியன் அப்போது பிறக்கவும் இல்லை. நான்தான் செம்பைக் கொண்டுபோனேன்.  கேற்றைத் திறந்து கொடுத்தேன். குடித்து முடித்து வாயைத் துடைத்தான்.

"நல்ல தண்ணி ஐயா. எங்கட ஊர்ல உப்பு."

"தெரியும் மகன்" என்றேன்.

அல்லாஹ்விடம் ஒப்படைத்த வழக்கை நடுவில் நீ எடுத்து அந்தப் பொடியன் மேல் தீர்க்க வேண்டாம், றிஸ்வி. எனக்கும் கஷ்டம்தான். உன்னை விடக் கஷ்டம்.

மன்னாரில் பறிபோனவை. வீடு ஒன்று. தோணி ஒன்று. வலை முழுவதும். உப்புத் தண்ணீர்க் கிணறு. பச்சைப் போர்வை ஒன்று.

ஆள் ஒன்று. பரீதா. நாலு மாதம். யாரையும் நோகடிக்கவில்லை. கபுறு கற்பிட்டியில். மாப்புக் கொடுப்பதா இல்லையா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.