போய் வர மட்டும் சார்ஜ்

— இல்லங்க, அபார்ட்மென்ட்ல இருந்துக்கிட்டு நமக்கு எதுக்கு கரண்ட் கார்னுதான் கேக்குறேன். தனி வீடா இருந்தா சரி. கீழ பார்க்கிங்ல ஒரு பிளக் பாயின்ட்கூட கிடையாது.

— பாரு, நான் ஷோரூம்ல வந்து உக்காந்த பிறகு போன்ல இழுக்காத. நம்ம தூண்லயே சார்ஜிங் பெட்டி மாட்டிக்கலாம்னு செகரட்டரி ஒத்துக்கிட்டாரு.

— மூணாவது மாடி டாக்டரம்மா கேட்டப்ப முடியவே முடியாதுன்னாராமே?

— கேக்குற விதத்துல கேட்டா எல்லாரும் ஒத்துக்குவாங்க. உனக்குத் தெரியாதா?

— தெரியும்.

— பாரு, பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி என்கிட்ட இருக்கும். ஒருத்தன் நம்ம கரண்ட்டத் தொட முடியாது.

— ஸ்கூலுக்கு ஓட்டிட்டுப் போறது நான்தானேங்க. சாவி உங்ககிட்ட இருந்தா எப்படி?

— உனக்கு எதுக்குக் கண்ணு அந்தத் தொல்லை? எவ்வளவு சார்ஜ் ஏறணும்னு என் போன்லயே வச்சிடலாம். ஸ்கூலுக்குப் போய் வர எவ்வளவு வேணுமோ அவ்வளவு. வண்டி எங்க நிக்குதுன்னுகூட காட்டுமாம்.

— அவசரத்துக்கு எங்கயாவது தூரமாப் போகணும்னா?

— எங்க?

— சும்மா கேட்டேங்க.

— உங்க அக்கா வீட்டுக்கா?

— நான் அக்கா பேச்சையே எடுக்கலைங்க.

— போன தடவை சொல்லாமப் போய்ப் பட்டது போதாதா? சரி விடு, நான் எதையும் கிளறல. கை எப்படி இருக்கு? வீக்கம் வத்திடுச்சா?

— வத்திடுச்சு.

— ஸ்கூல்ல கேட்டாங்களா?

— பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்னு சொன்னேன்.

— சமத்து. அது என்ன, ஹார்ன் சத்தம்?

— சன்னல் திறந்திருக்குங்க.

— மூடு. பாப்பா முழிச்சுக்கப் போறா.

— நல்லாத் தூங்குறா. அங்க உங்களுக்கு இன்னும் நேரம் ஆகுமா?

— ஏன்?

— இல்ல, எல்லாக் கலரையும் பாத்துட்டே எடுங்க. அவசரமே இல்ல.

— இப்பதான் பொண்டாட்டி மாதிரி பேசுற. ஆங், பழைய வண்டிக்கு ஆள் பிடிச்சாச்சு. சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போவான். சாவிய எடுத்து வை.

— என் பேர்ல இருக்குற வண்டிங்க அது. என்னை ஒரு வார்த்தை கேக்கலையே.

— கையெழுத்துதானே வேணும்? உன்கிட்ட எப்படி வாங்கணும்னு எனக்குத் தெரியும்.

— தெரியும்ங்க.

— அப்புறம் என்ன? பாரு, ராத்திரி வந்து நிதானமாப் பேசுவோம். கதவைத் தாழ் போட்டுட்டு இரு.

— மேடம், டோல் ரசீது பிடிங்க. வண்டிய எடுங்க, பின்னாடி நிக்குறாங்க பாருங்க.

— யாரு அது? ஏய்! எங்க இருக்க நீ?

— ஊரைத் தாண்டிட்டேன். பாப்பா பின்சீட்ல தூங்குறா. டேங்க் ஃபுல்லா இருக்கு.