கடைசித் தொட்டித் தண்ணீர்

ஐம்பது குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு ஏழு வருஷம் நூலுக்குச் சாயம் போட்டவன் நான். எட்டாவது வருஷம் அதே தண்ணீரில் காப்பி போட்டுக் குடித்தேன்; சர்க்கரைகூடக் கம்மியாகத்தான் தேவைப்பட்டது. சிரிக்காதீர்கள். ஏற்கெனவே ஒருவர் சிரித்திருக்கிறார், அது போதும்.

அறுபத்தெட்டு வறட்சியில் அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறைகள் வரிசையாக மூடின. நான் மட்டும் கழிவுத் தண்ணீரை நான்கு தொட்டிகளில் சுண்ணாம்பும் படிகாரமும் போட்டுத் தெளியவைத்தேன். மணலிலும் அடுப்புக்கரியிலும் வடித்து, மறுநாள் அதிலேயே நூலை முக்கினேன். கடைசித் தொட்டியில் இறங்கிய கொக்கு தன் முகத்தைப் பார்த்து வெட்கப்பட்டுப் பறந்தது.

எழுபத்தைந்து தீபாவளிக்கு இதைப் பாளையம்பட்டி டீக்கடையில் சொன்னபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து ஐயாத்துரை மட்டும் சிரித்தார்.

"ஏலே சோணைமுத்து, தண்ணி வெளுத்துச்சு, சரி. சாயம் எங்கலே போச்சு? ஒன் வயித்துக்குள்ளயா?"

கடையே சிரித்தது.

நியாயமான கேள்விதான். தொட்டியடியில் கசடு வாரத்துக்கு எட்டு வாளி தங்கும். அதுவரை அதைக் காயவைத்து, ஊருக்கு வெளியே குழிவெட்டிப் புதைத்துவந்தேன். மறுநாளிலிருந்து, அவர் வேலியோரம் இருந்த என் பாழுங்கிணற்றில் கொட்டினேன். என் கிணறு, என் கசடு. அவருடைய கிணறு பதினைந்தடி தள்ளி, இரண்டு ஆள் ஆழம் கூடுதல். ஊற்று எந்தப் பக்கம் ஓடும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர்தானே என் தொழில்.

முதலில் அவருடைய மிளகாய்ச் செடி சுருண்டது. பிறகு எருமை செத்து விழுந்தது. அவர் மனைவி தங்கம்மாள், "கோடைக்குக் கெணறு கசக்கத்தான் செய்யும்" என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நானும் கேட்டிருக்கிறேன். என் தொட்டியிலிருந்து ஒரு குடம் கொடுத்திருப்பேன். ஐயாத்துரை வந்து கேட்கவில்லை. கேட்காமல் கொடுத்தால் அவருக்குத்தானே அவமானம்.

பங்குனியில் தங்கம்மாள் இறந்தார். குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க அவர்கள் கிணற்றில் வாளியை விட்டார்கள். வற்றிய கிணற்றிலிருந்து சிவப்பாக வந்தது. அந்தத் தண்ணீரைப் பிணத்துக்கு ஊற்றுவார்களா? குடங்களோடு சனம் என் பட்டறைக்கு வந்தது. முதல் குடத்தை நானே மொண்டு கொடுத்தேன். அந்த உபகாரத்தை யாரும் மறுக்க முடியாது.

ஐயாத்துரை கடைசித் தொட்டிக்குள் குனிந்து வெகுநேரம் பார்த்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"நீ சொன்னது நெசந்தான்யா. ஒன் தண்ணியில சொட்டுச் சாயம் இல்ல. எங்க போச்சுன்னு கேட்டேன்ல, தெரிஞ்சுபோச்சு."