பழம் எது, காய் எது

பானு: என் தக்காளி ஆட்டத்தப் பத்தி அடுத்தவுங்க என்ன எழுதியிருக்காங்க, படி.

முகேஷ்: "வண்டி ரொம்பச் சீக்கிரம் கெளம்பிருது. ஒரு கூடை நெறையிறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருச்சு." ஒரே ஒரு ஸ்டார்.

பானு: நியாயந்தான். வண்டி இன்னும் செத்த நேரம் நிக்கட்டும். அப்புறம்?

முகேஷ்: "தக்காளியத் தொட்டா விளம்பரம் தொறக்குது. கொலவெறி வருது."

பானு: ஓசி ஆட்டம்னா விளம்பரம் வரத்தான் செய்யும்... ஆனா பறிக்கிற எடத்துக்கு ஒட்டி வச்சது என் தப்பு. மேல தூக்கிருவோம்.

முகேஷ்: எவன் என்ன எழுதுனாலும் சரிங்கிற. வேல வெட்டி இல்லாதவய்ங்கக்கா.

பானு: டேய், பிடிக்கலன்னா ஆட்டத்த மூடிட்டுப் போயிருவாங்க. ஒக்காந்து திட்டுறாங்கன்னா பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்பா பக்கத்து வீட்டுப் பயலத் திட்டுறாரா? ஒன்னயத்தான திட்டுறாரு.

முகேஷ்: இப்ப எதுக்கு அவர இழுக்குற?

பானு: சும்மா சொன்னேன். படி.

முகேஷ்: அம்புட்டுதான்.

பானு: இன்னொண்ணு இருந்துச்சே. காலையில பாத்தேன்.

முகேஷ்: அது... கிறுக்கன் எவனோ எழுதியிருக்கான். விடு.

பானு: படிடா.

முகேஷ்: "பழமும் காயும் ஒரே மாதிரி இருக்கு. எதப் பறிக்கணும்னே தெரியல. தோட்டத்துலன்னா அமுக்கிப் பாக்கலாம். இதுல எப்படிப் பாக்குறது?"

பானு: எத்தன ஸ்டார்?

முகேஷ்: அஞ்சு.

பானு: ஆட்டமே வெளங்கல, ஆனா அஞ்சு ஸ்டார்... நல்ல மனுசன்.

முகேஷ்: அதான் கிறுக்கன்னு சொன்னேன்ல.

பானு: செவப்பும் பச்சையும் எப்படிடா ஒரே மாதிரி இருக்கும்?

முகேஷ்: போன் பழசா இருக்கும்.

பானு: நீதான மொதல்ல ஆடிப் பாத்த? ஒனக்கு வித்தியாசம் தெரிஞ்சுச்சுல்ல?

முகேஷ்: தெரிஞ்சுச்சு... ஏன் தெரியாம?

பானு: "என் அக்கா செஞ்ச ஆட்டம்"னு ஊரெல்லாம் அனுப்புன.

முகேஷ்: நல்லா இருந்துச்சு, அனுப்புனேன். அதுக்கென்ன இப்ப?

பானு: ஒண்ணுமில்ல. இந்தா, புதுசா ஒரு தோட்டம் போட்டிருக்கேன். ஒரு பழத்தப் பறி பாப்போம்.

முகேஷ்: நேரமாச்சுக்கா. பஸ்ஸப் பிடிக்கணும்.

பானு: எங்க போற?

முகேஷ்: திண்டுக்கல்லுக்கு. கோச்சிங் கிளாஸ்ல பேர் குடுக்கணுமாம். ரயில்வே பரீச்சைக்குத்தான், மறுபடியும். எழுத்துப் பரீச்சையிலயே கோட்ட விட்ட மூதேவி, இந்தத் தடவையாச்சும் ஒழுங்காப் படின்னு காலங்காத்தாலயே அப்பா அபிஷேகம் பண்ணிட்டாரு.

பானு: போகலாம். ஒரே ஒரு பழம்... தொட்டுட்டுப் போ.

முகேஷ்: ஒன்னோட பெரிய ரோதனைக்கா. இந்தா... இது.

பானு: அது காய்டா.

முகேஷ்: கை தவறிப் பட்டுருச்சு. பக்கத்துல இருக்கே, அதத்தான் தொட வந்தேன்.

பானு: பக்கத்துலயும் காய்தான்.

முகேஷ்: அப்ப மேல இருக்குறது...

பானு: இந்தத் தோட்டத்துல நான் பழமே வைக்கலடா முகேஷு. அந்த அஞ்சு ஸ்டார் போட்டு எழுதுனது நீதான?

முகேஷ்: ...எப்படிக் கண்டுபிடிச்ச?

பானு: சின்னப் பிள்ளையில தக்காளிய அமுக்கிப் பாத்துப் பறிச்சவன் இந்தச் சாணார்பட்டிச் சுத்துல வேற எவன்டா இருக்கான்?

முகேஷ்: நேர்ல சொல்ல ஒரு மாதிரியா இருந்துச்சு. நீ அம்புட்டு ஆசையாச் செஞ்சிருந்த.

பானு: நம்ம தோட்டத்துல தக்காளி பறிக்க ஆள் கெடைக்காத நாள்லயும் நீ பெட்டி தூக்க மட்டுந்தான் வருவ. சோம்பேறின்னுல்ல நெனச்சோம்.

முகேஷ்: அமுக்கி அமுக்கிப் பறிச்சா லேட்டாகும். அப்பா கத்துவாரு. பெட்டி தூக்குனா... கலர் பாக்க வேணாம்ல.

பானு: எப்ப இருந்து இப்படி?

முகேஷ்: பொறந்ததுல இருந்தே இப்படித்தானாம். எனக்கே போன வருசந்தான் தெரியும். அதுவரைக்கும் எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும்னு நெனச்சேன்... நீங்கல்லாம் கெட்டிக்காரவுங்க, எனக்குத்தான் புத்தி பத்தலன்னு.

பானு: செத்த இரு... இங்க பாரு. பழத்துக்கு மேல வெள்ளையா வரி போட்டுட்டேன். காய்க்கு ஒண்ணும் இல்ல. இப்பப் பறி.

முகேஷ்: இது... இது... இதோ, இதுவும்...

பானு: ம்.

முகேஷ்: ஏய், கூடை ரொம்பிருச்சுக்கா! வண்டி இன்னும் நிக்குது!

பானு: நிக்கும். மெதுவாப் பறி... அது சரி, பொறந்ததுல இருந்தேன்னு யாரு சொன்னது?

முகேஷ்: ஒரு டாக்டரு.

பானு: எந்த டாக்டரு? நீ காய்ச்சலுக்கே ஆஸ்பத்திரி போக மாட்டியே.

முகேஷ்: பஸ்ஸு போயிரும்க்கா.

பானு: போகட்டும். அடுத்த பஸ்ஸுல போ. எந்த டாக்டரு?

முகேஷ்: ரயில்வே டாக்டருக்கா. சிநேகிதன் கல்யாணம்னு பொய் சொல்லிட்டு மதுரைக்குப் போனேன்ல, அன்னைக்கு. எழுத்துப் பரீச்சையில நான் பெயிலாகல... பாசாயிட்டேன். ரயில் ஓட்டுறவனுக்குச் செவப்பும் பச்சையும் தெரியணும்னு கண்ணு டெஸ்ட்லதான் வெளிய அனுப்பிட்டாங்க. அப்பாகிட்ட, படிக்காமப் பெயிலாயிட்டேன்னு சொல்லிட்டேன். படிக்காத மகன்னா திட்டிட்டு மறுபடி படிக்கச் சொல்லுவாரு. இதச் சொன்னா... பாவம், அவரு யாரத் திட்டுவாரு?