இரவல் தட்டில் வெந்த நூடில்ஸ்

கர்… கர்ரக்… குசினிப் பின்பக்கத்தில் கடல்மண் அலுமினியத்தைத் தின்கிற சத்தம். அந்தச் சத்தத்துக்கும் மேலால் றோசமேரியின் குரல்.

"…அதில்லை ராத்தா, நூடில்ஸெண்டா அவிச்சம், தாளிச்சம், திண்டமெண்டு இருக்கவேணும். இஞ்ச வந்து தங்கிறவைக்கு அப்பிடியில்லை! அவிக்கோணும். பிறகு பட்டரிலை மாவை வறுத்து, பால் விட்டுத் துழாவோணும். கட்டி விழப்படாது. பிறகு சீஸ். பிறகு… இறைச்சி. எல்லாத்தையும் தட்டிலை கொட்டி ஓவனுக்குள்ள முக்கால் மணித்தியாலம்! இந்தக் கண்டக்குழிக் கடற்கரை வெக்கைக்குள்ள! ஏன் நிக்கிறியள், அந்தக் கதிரையை இழுத்துப் போட்டு இருங்கோவன். அவசரமோ? ஓம், ஓம், தெரியும்…"

றைஸா ராத்தா இருக்கவில்லை. றோசமேரி சமைக்கிற லொட்ஜுக்குப் பக்கத்து வளவுக்காரி அவள். இரவல் குடுத்த தட்டை வாங்கிப்போக வந்திருந்தாள். மகள் பஹ்மாவைப் பேசி முடிக்க நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அவர்களுக்கு வட்டிலப்பம் அவிக்க அந்தத் தட்டுத்தான் வேணும். குவைத்தில் நாலு வருசம் ஆர் வீட்டுப் பிள்ளைகளையோ பார்த்து, அவள் வாங்கிக்கொண்டு வந்த தட்டு.

இப்போது அது றோசமேரியின் மடியில் கிடந்தது. குடுக்கவும் ஏலாது, குடுக்காமல் இருக்கவும் ஏலாது. வாய் ஓயாததுக்கு அதுதான் காரணம்.

"ஆர் கேட்டது இந்தச் சாப்பாட்டை? ரெண்டு வெள்ளைக்காரர். கடலிலை பலகையிலை நிண்டு பட்டம் பிடிச்சு ஓடுறவை. தங்கட ஊரிலை அம்மா செய்யிறதாம். போனிலை படமும் காட்டினவை. உடனே எங்கட மனேஜர் றொபி, 'றோசமேரி அக்கா செய்வா' எண்டிட்டான். றோசமேரி அக்காவுக்கு என்ன தெரியும்? கணவாயைத் தா, கத்தரிக்காயைத் தா, செய்து காட்டுறன்… அவன் கேட்டாத்தானே! கொழும்பிலையிருந்து ஐஸ் பெட்டியிலை அந்த இறைச்சியும் வந்திட்டுது. எங்கட தட்டோ உப்புக்காத்துப் பட்டு ஓட்டை. அதுதான் உங்களிட்டை ஓடி வந்தனான். கோழி எண்டுதானே சொன்னனான்? ஓம்… கோழி எண்டுதான் சொன்னனான்.

நல்லா வந்தது, பொய் சொல்லப்படாது. மேலாலை பாண் கரை மாதிரி முறுகி… திண்டவையோ எண்டு கேக்கிறியளோ? எங்க! காத்து நல்லா இருக்காம். பொழுதுபடுமட்டும் கடலிலை. ஏறி வந்து, நேர சந்திக்குப் போய் கொத்து ரொட்டி! தட்டிலை இருந்தது ஆறி, மரக்கட்டை. நானும் றொபியும் நாயும்தான்…"

அவள் குழாயைத் திறந்து தட்டை அலசி நிமிர்த்தினாள். வெயில் பட்டுக் கண்ணைக் குத்தியது. றைஸா ராத்தா கையை நீட்டினாள். நீட்டும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"உப்பிடிச் சிரிக்காதேங்கோ, ராத்தா… ஓம், புதுசு மாதிரித்தான்… இல்லை, பஹ்மாவுக்காகத் தேய்க்கேல்லை. ஐயோ, உந்தக் கையை எடுங்கோ! கோழியில்லை. ஹாம். ஹாமெண்டாப் பண்டியிறைச்சி… அடியிலை வெள்ளித்தாள் விரிச்சனான். சத்தியமாய் விரிச்சனான்! வெட்டி எடுக்கேக்கை கிழிஞ்சிட்டுது, கொழுப்பெல்லாம் கீழ இறங்கிட்டுது. உங்கட முறைக்கு ஏழு தரம் கழுவோணும், அதிலை ஒரு தரம் மண்ணாலை எண்டு மீன் கொண்டுவாற அலியார் சொன்னவர். நான் ஒன்பது தரம் கழுவிட்டன். உங்களுக்குச் சொல்லாமத்தான் தரப் பாத்தனான். தந்துமிருப்பன். நீங்கள் சிரிச்சுப்போட்டியள்…

எங்கட தட்டும் ஓட்டையில்லை, ராத்தா. அந்தா, தொங்குது. நெளிஞ்சது, கறுத்தது. அவை படம் எடுப்பினம், உங்கட தட்டிலை வச்சா வடிவா விழுமெண்டு… அவ்வளவுதான். படமும் எடுக்கேல்லை."

றைஸா ராத்தா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். ஏசவில்லை. ஏசியிருந்தால் றோசமேரியும் நாலு கதைத்திருப்பாள். ராத்தா திரும்பி நடந்தாள், மெதுவாக, தட்டுக் கழுவிய ஈரமண்ணை மிதிக்காமல் சுற்றி.

"ராத்தா! கற்பிட்டிக்குப் போய் வேற வாங்கிக்கொண்டு வரட்டோ? பின்னேரத்துக்குள்ள… ராத்தா?"

வேலிப் படலை சாத்தப்பட்டது.

ஆசைப்பட்டு இரவல் வாங்கிய தட்டு. இனி அதை ஆரும் திருப்பிக் கேட்கப் போவதில்லை. றோசமேரி அதைச் சுவரோடு நிமிர்த்தி வைத்தாள். பாதி உரித்தபடி கிடந்த வெங்காயத்தை இழுத்தெடுத்து, வாய் திறக்காமல் மிச்சத்தை உரிக்கத் தொடங்கினாள்.